ஒன்பது தடவை குணமான தோள்

பயூமியின் வலது தோளில் வலி வந்த அதே மாதத்தில்தான் எகிப்தில் எங்கள் தன்தா நகரத்தில் தோள் வலிக்கென்றே தனியாக ஒரு மையம் திறந்தார்கள். இரண்டும் பொருத்தம் பார்த்து வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. வலிக்காக மையம் வந்ததா, மையத்துக்காக வலி வந்ததா என்பதுதான் அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பயூமி வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். சுவர் என்றால் யாரை வேண்டுமானாலும் கூப்பிடு, சீலிங் என்றால் பயூமி மேஸ்திரியைக் கூப்பிடு என்பது எங்கள் ஊரில் பேச்சு. முப்பது வருடமாக அண்ணாந்து பார்த்தே பிழைத்தவர். தெருவில் எதிரே வருகிறவர்களை அவருக்கு அடையாளம் தெரியாது. அவர்கள் வீட்டு சீலிங்கைச் சொன்னால் உடனே தெரியும்.

அவர் மகள் ரிஹாபுக்கு நிச்சயம் ஆனபோது மாப்பிள்ளையின் அம்மா நகாத், கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல் ஒரு கேள்வி கேட்டாள். "புது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க யார வைக்கலாம்?" பயூமி சர்பத் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"என் பொண்ணு வீட்டு சீலிங்ல அந்நியன் பிரஷ் பட்டுச்சுன்னா, என் பொண்டாட்டி இன்ஷிராஹ் எனக்குத் தலாக்!"

எங்கள் ஊர் ஆண்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் சத்தியம் செய்வார்கள். விருந்தாளி இன்னொரு துண்டுக் கோழி சாப்பிட வேண்டும் என்றால் மனைவியைத் தலாக் சொல்வார்கள். டீக்கடையில் காசை நான்தான் கொடுப்பேன் என்று இருவர் மல்லுக்கு நிற்கும்போது இரண்டு குடும்பங்கள் அந்தரத்தில் தொங்கும். ஒருவர் கொடுத்ததும் இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். மனைவிமாருக்கு எதுவும் தெரியாது.

இன்ஷிராஹுக்குத் தெரிந்தது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க ரிஹாப் அப்பா, உங்க வாய்க்கு நான்தான் பிணையா? உங்க மீசைய வச்சு சத்தியம் பண்ணக்கூடாதா?"

"மீசைய வச்சுப் பண்ணினா யாரு நம்புவா?"

"நம்பாட்டி போகட்டும். இருபத்தஞ்சு வருஷம் உங்களுக்கு ஃபூல் பயறு அவிச்சுக் கொட்டினவ நானு. ஒரு சீலிங்குக்காக என்னத் தெருவுல நிறுத்துவீங்களா?"

"அட, ரெண்டு நாள் வேலைடி. என் கை என்ன ஒடிஞ்சா போச்சு?"

கை ஒடியவில்லை. ஆனால் மறு வாரம் காலையில் கலாபியா அங்கியைத் தலை வழியாகப் போடப் போனவர் பாதியில் சிக்கிக்கொண்டு, துணிக்குள்ளிருந்தே மனைவியைக் கூப்பிட்டார். கை காது மட்டத்துக்கு மேல் போக மறுத்தது. மீறித் தூக்கினால் தோளுக்குள் யாரோ பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் திருகுவது போல வலித்தது. மகள் வீட்டுச் சுவர்களை இடது கையால் ஒப்பேற்றிவிட்டார். சீலிங் மட்டும் சிமெண்ட் நிறத்தில் மிச்சம் நின்றது.

சீலிங் காயாமல் சாமான் உள்ளே போக முடியாது. பெண் வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றி, மத்தளம் அடித்து, ஹாரன் ஒலிக்க ஊர்வலமாகக் கொண்டுபோய் இறக்கினால்தான் கல்யாணம். நகாத் வேறு யாரிடமோ சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்: "பெயிண்டர் பொண்ணு, வெள்ளையடிக்காத வீட்டுக்குத்தான் வாழ வருவா போல." அது சுற்றிச் சுற்றி இன்ஷிராஹ் காதுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கே புருஷனைத் தோள் மையத்துக்கு விரட்டினாள்.

மையம் பளிங்குக் கட்டடம். வாசலில் நீரூற்று, அதில் தண்ணீர் இல்லை. உள்ளே பெரிய கூடம். மூன்றாவது மாடியில் அந்தப் பெயர்போன ஸ்கேன் மெஷின். தோள் வலிக்காரர்கள் உள்ளே வரக் கனமான பித்தளைக் கதவு ஒன்றைத் தள்ள வேண்டும். தள்ள முடியாதவர்கள் வெளியே உட்கார்ந்து, வலி இல்லாதவர் யாராவது வருவாரா என்று காத்திருந்தார்கள்.

நர்ஸ் இப்திசாம் முதல் கேள்வியைக் கேட்டாள். "எப்படி இருக்கீங்க மேஸ்திரி?"

"அல்ஹம்துலில்லாஹ். நல்லா இருக்கேன்மா."

அவள் கம்ப்யூட்டரில் எதையோ அமுக்கினாள். "அப்ப போயிட்டு வாங்க. வலி இல்லாதவங்களுக்கு இங்க இடமில்ல."

பயூமி திகைத்துப் போனார். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் வேறு என்ன சொல்வது? சாகக் கிடப்பவன்கூட எங்கள் ஊரில் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்வான். இறைவனைப் புகழ்ந்ததற்காக ஓர் ஆஸ்பத்திரி தன்னைத் திருப்பி அனுப்பியதை அவர் தொழுகைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தார்.

மறுநாள் உஷாராகப் போனார். "வலிக்குதும்மா" என்று வாசலிலேயே ஆரம்பித்தார்.

"பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க. பத்துன்னா தாங்கவே முடியாத வலி."

பயூமி யோசித்தார். பத்து என்று சொல்வது மேலே இருப்பவனைச் சீண்டுகிற வேலை. இதைவிடப் பெரிய வலி அவனிடம் இல்லாமலா போகும்?

"மூணு போட்டுக்கம்மா. மிச்சத்த அல்லாஹ் பாத்துக்குவான்."

"ஆறுக்குக் கீழ ஊசி கிடையாது."

"அப்ப ஆறு."

"பேரம் பேசாதீங்க மேஸ்திரி. இது வெங்காய மண்டி இல்ல."

"உனக்குக் கட்டுபடியாகுற ஒரு நம்பர நீயே போட்டுக்கயேன்மா."

அவள் ஏழு போட்டாள். இப்படியாகப் பயூமி மேல்மாடிக்குப் போகும் தகுதியைப் பெற்றார்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் ரிஃபாத். வெள்ளைக் கோட்டின் பையில் நான்கு பேனா. அவர் நோயாளியைத் தொடமாட்டார். அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். பயூமியையும், கதவோரம் நின்ற இரண்டு பயிற்சி டாக்டர்களையும் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"அந்தக் காலத்துல டாக்டர் என்ன பண்ணுவான்? தோளத் தொடுவான். அமுக்குவான். இங்க வலிக்குதான்னு கேப்பான். நோயாளிகிட்டயே கேக்குறதுன்னா, அப்புறம் நாம எதுக்குப் படிச்சோம்? இந்த மையத்துல நாங்க நோயாளிய நம்புறதில்ல. திரையத்தான் நம்புறோம். திரைக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"திரைக்கு வலிக்குமா டாக்டர் பாஷா?" என்று பயூமி அறியாமல் கேட்டுவிட்டார்.

"அதான் அதோட சிறப்பு. வலிக்காததாலதான் நிதானமா முடிவெடுக்குது."

பயூமியைச் சட்டையைக் கழற்றி உட்காரவைத்தார்கள். பயிற்சி டாக்டர் ஒருவன் தோளில் ஜில்லென்று கூழைத் தடவி, அதன்மேல் ஒரு கருவியை வைத்து நகர்த்தினான். திரையில் சாம்பலும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஏதோ ஓடியது. பயூமிக்கு அது ஈரம் ஊறிய சுவர் மாதிரி தெரிந்தது. இப்படி ஒரு சுவரில் பெயிண்ட் நிற்காது, சுரண்டிவிட்டுப் பட்டி பார்க்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

"பாத்தியா?" என்று டாக்டர் ரிஃபாத் திரையைக் காட்டினார். "இதான் தசைநார். லேசா நைஞ்சிருக்கு. இது மேல ஒரு பை. வலி பையிலேருந்து வருதா, வேற எங்கயாவதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்குத்தான் இந்த ஊசி. இதுல இருக்கறது மரத்துப்போற மருந்து. இது வைத்தியம் இல்ல மேஸ்திரி. இது ஒரு கேள்வி. பையப் பாத்து, 'நீதானா அது?'ன்னு கேக்குறோம். மரத்ததும் வலி நின்னா, ஆமான்னு அர்த்தம். அப்புறம் வீக்கத்த அடக்குற மருந்த அதே இடத்துல போடுவோம். அதான் வைத்தியம்."

பயூமிக்கு இது நியாயமாகவே பட்டது. சொல்லப்போனால் அந்த மையத்தில் அவர் கேட்ட கடைசி நியாயமான பேச்சு அதுதான். ஊசி திரைக்குள் வெள்ளைக் கோடாக நுழைந்தது. கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு கையைத் தூக்கச் சொன்னார்கள்.

கை போனது. காதைத் தாண்டியது, தலையைத் தாண்டியது, நேராக மேலே நின்றது. பயூமி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாதக்கணக்கில் ஊருக்குப் போயிருந்த மகன் வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது அவருக்கு. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பயிற்சி டாக்டர்கள் கைதட்டினார்கள்.

"அப்ப வைத்திய ஊசி?" என்றார் பயூமி.

"போடலாம். குணநிலைக் குழு ஒப்புதல் தரணும். பக்கத்து ரூம்தான். இப்பவே போ."

பக்கத்து அறையில் மூன்று பெரிய டாக்டர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர், "கையத் தூக்கு" என்றார். பயூமி தூக்கினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க பாஷா. ஏன்னா இப்பத்தான் மரத்துப்போற ஊசி..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வலிக்குதா?"

"இல்ல."

"குணம்" என்றார் நடுவில் இருந்தவர். மற்ற இருவரும் "குணம்" என்று சொல்லிவிட்டு சர்க்கரையைக் கலக்கினார்கள்.

"பாஷா, எனக்கு வைத்திய ஊசி இன்னும் போடலயே."

"குணமானவனுக்கு எப்படிய்யா வைத்தியம் பண்றது? அது மருத்துவ தர்மத்துக்கே விரோதம். போ, நல்லா இரு."

சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் மரப்பு இறங்கிவிட்டது. வலி பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ஓடினார். இப்திசாம் பரிதாபமாகத்தான் பார்த்தாள்.

"மேஸ்திரி, உங்களுக்கு நேத்து குணமாயிடுச்சே."

"குணமானது மறுபடி வலிக்குதும்மா."

"அது பழைய வலி இல்ல. பழசு போயிடுச்சுன்னு குழு சொல்லிடுச்சு. இது புது வலி. புது வலிக்குப் புதுசா நோய் கண்டுபிடிக்கணும்."

"அதே இடத்துலதாம்மா வலிக்குது."

"ஒரே வீட்டுல பழைய வாடகைக்காரன் போயி புது வாடகைக்காரன் வர்றதில்லயா?"

புது வாடகைக்காரனுக்கும் ஊசி போட்டார்கள். கை எழுந்தது. பக்கத்து அறையில் டீ இருந்தது. குணம் என்றார்கள். அதற்கடுத்த வாரமும் அதே ஊசி, அதே டீ, அதே குணம். குழுவைக் காலையில் பார்க்காமல் மரப்பு இறங்கிய பிறகு பார்க்கிறேனே என்று கெஞ்சிப் பார்த்தார். குழுவுக்கு மதியத்துக்குப் பிறகு தனி கிளினிக்குகள் இருந்தன.

நான்காவது தடவை கை எழுந்து நின்றபோது டாக்டர் ரிஃபாத் எதையோ யோசித்தபடி கேட்டார். "மேஸ்திரி, நீ என்ன மேஸ்திரி?"

"பெயிண்ட் மேஸ்திரி பாஷா. சீலிங்தான் நமக்குப் பேரு."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. கூடத்தின் சீலிங் கட்டி முடித்த நாளிலிருந்து பூசப்படாமல் கிடந்தது. அமைச்சர் முறைப்படி திறந்துவைக்க வரப்போகிறார். பெயிண்ட் வேலைக்கான ஒதுக்கீடு நீரூற்றில் போய்விட்டது.

"கை மேல போகுதுங்கறது மட்டும் போதாது" என்றார் பயிற்சி டாக்டர்களிடம். "மேல போயி என்ன பண்ணுதுங்கறதுதான் விஞ்ஞானம். இவருக்கு நாம செயல்திறன் சோதனை வைக்கணும். அவரோட தொழில்லயே வைக்கணும்."

கீழே போனபோது சாரம் கட்டி, பெயிண்ட் டப்பா திறந்து, ரோலர் நனைத்துத் தயாராக இருந்தது. விஞ்ஞானத்தில் எவ்வளவு முன்னேற்பாடு என்று பயூமி வியந்துபோனார்.

மரப்பு இருக்கும்வரை அடித்தார். என்ன இருந்தாலும் கை தலைக்கு மேலே ஓடும்போது அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சோதனை முடியும் வரை வெளியே போக வாசற்காரன் விடவில்லை. வீட்டுக்கு வந்தபின் தோள் முன்னைவிட மோசமாக எரிந்தது. இன்ஷிராஹ் சூடான துணியை வைத்து ஒற்றிக்கொண்டே குத்திப் பேசினாள்.

"அவங்க சீலிங்குக்கு ஏறுற கை நம்ம சீலிங்குக்கு ஏற மாட்டேங்குதா?"

"இது சோதனைடி. சோதனை முடிஞ்சா வைத்தியம்."

"ஊரான் சீலிங்க ஓசில அடிக்கிறதுக்குப் பேரு சோதனையா? சத்தியம் பண்ணினப்ப அந்நியன் பிரஷ்ஷுன்னுதான் சொன்னீங்க. உங்க பிரஷ்ஷு அந்நியன் சீலிங்ல ஓடுதே, அதுக்கு யாரத் தலாக் சொல்லப் போறீங்க?"

எட்டாவது தடவை குணமானபோது பயூமி இயக்குநரின் அறைக்கே போய் நின்றார். கைகட்டி நிற்கக்கூட முடியவில்லை, ஒரு கைதான் ஒத்துழைத்தது.

"டாக்டர் பாஷா, என் பொண்ணு கல்யாணம் நிக்குது. என் வீட்டுக்காரி வாழ்க்கையும் நிக்குது. அந்த வைத்திய ஊசிய ஒரே ஒரு தடவ போட்டுடுங்க. உங்க குழந்தைகளுக்குப் புண்ணியமாப் போகும்."

டாக்டர் ரிஃபாத் அவரை உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"மேஸ்திரி, உன்ன நான் என்னவோன்னு நினைச்சேன். கொஞ்சம் யோசிச்சுப் பாரு. வைத்தியம் பண்ணினா நீ எத்தன தடவ குணமாவ? ஒரு தடவ. அதோட போயிடுவ. இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கமாட்ட. இப்ப? எட்டுத் தடவ குணமாயிருக்க! கெய்ரோவுல இருக்கானுங்களே பெரிய ஆஸ்பத்திரிக்காரனுங்க, அவனுங்ககிட்ட ஒரே ஆள் எட்டுத் தடவ குணமான சரித்திரம் உண்டா? எங்க மையத்துல நோயாளி கொஞ்சம்தான். குணம் மட்டும் ஏராளம். அமைச்சருக்கு நான் காட்டப் போறது அதத்தான். நீ உன்னப் பத்தி மட்டும் நினைக்காத. நாட்டப் பத்தியும் நினை."

பயூமி நாட்டைப் பற்றி நினைக்க முயன்றார். மகள் வீட்டு சீலிங்தான் நினைவுக்கு வந்தது.

"அமைச்சர் வர்றதுக்கு முந்தின நாள் வா. ஒன்பதாவதும் முடிச்சுடலாம். கூடத்து நடுவுல விளக்கு தொங்குற இடத்துல ஒரு ஜிப்சம் பூ இருக்குல்ல, அதுக்குத் தங்கப் பெயிண்ட் மட்டும் பாக்கி. அப்புறம் உன் வைத்தியத்தப் பத்தி யோசிப்போம், இன்ஷா அல்லாஹ்."

எங்கள் ஊரில் ஓர் அதிகாரி இன்ஷா அல்லாஹ் என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று பயூமிக்கு நன்றாகவே தெரியும். இறைவனே நினைத்தாலும் நான் விடமாட்டேன் என்று பொருள். அந்த நிமிடத்தில்தான் அவருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தாமதமாக வந்ததே என்று அந்தக் கோபத்தின் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

ஒன்பதாவது ஊசிக்குக் காலையிலேயே போனார். கூழ், திரை, வெள்ளைக் கோடு. கை எழுந்தது. பக்கத்து அறையில் குணம் வாங்கினார். கீழே வந்தார். ஏணி பூவுக்கு நேராக நின்றது. தங்கப் பெயிண்டைத் திறந்து கலக்கினார். பிறகு தன் வாளியைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று வாசற்காரனிடம் சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக வெளியேறி, கைகாட்டி ஒரு துக்துக் ஆட்டோவை நிறுத்தினார். வலது கையால் கைகாட்டியதில் அவருக்கே ஒரு பெருமை.

மகள் வீட்டில் ரிஹாப் ஜன்னல் கண்ணாடியில் தெறித்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நர்சரிப் பள்ளி டீச்சர். அப்பாவின் மேல் உயிர்.

"அப்பா! இப்ப மையத்துல இல்ல இருக்கணும் நீங்க?"

"அங்க குணமாயிட்டேன். ரோலர எடு. அஸர் வரைக்கும் இந்தக் கை நம்ம கை."

அன்றைக்கு பயூமி அடித்த அடியை ரிஹாப் இன்றும் சொல்வாள். பாடிக்கொண்டே அடித்தார். படுக்கையறை முடிந்தது, கூடம் முடிந்தது. ஈரமான வெள்ளை வெயிலில் மினுங்கியது. சமையலறை சீலிங்கில் பாதியைத் தாண்டியபோது தோளுக்குள் ஏதோ கிழிந்தது. காடாத் துணியைக் கிழிக்கிற சத்தம் மாதிரி அது அவர் காதுக்கே கேட்டது. வலிக்கவில்லை. ஆனால் கை தானாகக் கீழே வந்தது, ரோலர் அதற்கு முன்பே தரைக்குப் போயிருந்தது.

"என்னாச்சுப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் நழுவிடுச்சு."

மறுபடி தூக்கப் பார்த்தார். கட்டளை போனது, கை வரவில்லை. ரிஹாப் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ரோலரை எடுத்து ஏணியில் ஏறினாள். இரண்டாம் படியில் நின்று திரும்பினாள்.

"நான் அடிச்சா அம்மாவுக்குத் தலாக் ஆயிடுமா?"

"நீ எப்படிம்மா அந்நியன் ஆவ? அடி. மூலையில பிரஷ்ஷால முதல்ல ஓரம் இழு. அய்யோ, அவ்வளவு தோய்க்காத!"

மகள் திட்டுத்திட்டாக அடித்தாள், மூக்கெல்லாம் பெயிண்ட். கீழே நின்று அவர் கத்தினார், அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார். சீலிங் முடிந்துவிட்டது. குடும்பம் பிழைத்துவிட்டது. ஆனால் அஸர் தாண்டி, மரப்பு இறங்கி விரல்களில் உணர்வு திரும்பிய பிறகும் தோளில் வலி வரவில்லை. எப்போதும் தவறாமல் வருகிற வலி. அவர் உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தார். வலி வரவேண்டுமே என்று ஒரு மனிதன் ஏங்க முடியும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அது வரவே இல்லை, கையும் எழவே இல்லை. பயூமி பயந்துபோனார்.

மறுநாள் காலையில் பயந்தபடியே மையத்துக்குப் போனார், இவர்களை விட்டால் யாரிடம் கேட்பது? கூடம் நிறைய ஆட்கள். தங்கம் பூசாத ஜிப்சம் பூவைக் கொடிகள் கட்டி மறைத்திருந்தார்கள், ஏணியை ஓரத்துத் திரைக்குப் பின்னால் தள்ளியிருந்தார்கள். இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்து வந்தார். திட்ட வாயைத் திறப்பதற்குள் அமைச்சரின் கார்கள் வந்துவிட்டன. அவசரமாகப் பயூமிக்கு ஒரு புதுச் சட்டையை மாட்டி முன்வரிசையில் நிறுத்தினார்கள்.

டாக்டர் ரிஃபாத் மைக்கைப் பிடித்தார். "மாண்புமிகு அமைச்சர் அவர்களே! எங்கள் மையத்தில் ஒன்பது முறை குணமடைந்த எளிய உழைப்பாளி இதோ! மேஸ்திரி, சொல்லுங்கள். உங்கள் தோள் வலிக்கிறதா?"

"இல்ல பாஷா."

"கொஞ்சம்கூடவா?"

"துளிகூட இல்ல. நேத்திலேருந்து சுத்தமா இல்ல."

இயக்குநரே ஒரு கணம் தடுமாறினார். இன்று இன்னும் ஊசி போடவில்லையே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கைதட்டல் கூடத்தை நிறைத்தது. அமைச்சர் நெகிழ்ந்துபோய் எழுந்து வந்தார்.

"சபாஷ்! எங்கே, கையத் தூக்கி மக்களுக்குக் காட்டுங்க."

பயூமி தூக்கவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்து, மூட்டையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சு வரை கொண்டுவந்து விட்டார். அது தொப்பென்று விழுந்தது. யாரோ இருமினார்கள்.

டாக்டர் ரிஃபாத்தின் மூளை வேகமாக வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே, இது வலிக்கான மையம். இவருக்கு வலி பூஜ்யம். எங்கள் கடமை நூற்றுக்கு நூறு முடிந்துவிட்டது. கை எழுவதும் விழுவதும் வலித் துறையில் அடங்காது, அது அசைவுத் துறை. அசைவுக்கு இந்த நாட்டில் தனி மையம் இல்லாத கொடுமையை நாங்கள் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அதற்காகவே இந்த ஏழையை இன்று உங்கள் முன் நிறுத்தியிருக்கிறோம். பாருங்கள். இவருக்காக ஓர் இரண்டாவது கட்டடம் வேண்டாமா?"

"வேண்டும்!" என்றது கூடம். அமைச்சர் அங்கேயே அனுமதி கொடுத்தார். முதல் நோயாளியாகப் பயூமியின் பெயரைப் பதிந்துகொண்டார்கள். கட்டடத்துக்கு நிலம் பார்க்க ஒரு குழு போட்டார்கள், குழுவுக்கு டீ வந்தது. தான் எதற்காக வந்தோம் என்பதைச் சொல்ல பயூமிக்கு யாரும் கிடைக்கவில்லை.

எல்லாரும் விருந்துக்குப் போனபிறகு கூடத்தில் அவர் மட்டும் நின்றார். இயக்குநர் திரும்பி வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேஸ்திரி, நீ ஓடிப்போனத நான் மன்னிச்சுட்டேன். உண்மையச் சொல்லு. நிஜமாவே வலிக்கலயா?"

"நிஜமாவே."

"என்ன பண்ணின?" குரல் தணிந்தது. "எனக்கும் வலது தோள்தான். ஒரு வருஷமா. ராத்திரி புரண்டு படுக்க முடியல."

"உங்ககிட்டதான் மெஷின் இருக்கே பாஷா?"

"இருக்கு. போட்டதும் அந்தக் குழுகிட்ட போகணுமே! எனக்குத் தெரியாதா அவனுங்களப் பத்தி? நான்தான அவனுங்கள நியமிச்சேன்." அவர் கிட்டத்தட்ட கெஞ்சினார். "சொல்லுப்பா. நிரந்தரமா எப்படிப் போச்சு?"

பயூமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருடமாகச் சோறு போட்ட கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் நிதானமாகவே சொன்னார்.

"சுலபம் பாஷா. மரத்துப்போற ஊசியப் போட்டுக்குங்க. கை எழும்பும். உடனே ஏணில ஏறி அந்தப் பூவுக்குத் தங்கம் அடிங்க. நிறுத்தாம அடிங்க, அண்ணாந்தே அடிங்க. உள்ள ஏதோ கிழியிற சத்தம் கேக்கும். அதோட வலி போச்சு."

"கை?"

"கையப் பத்தி ரெண்டாவது கட்டடத்துலதான் கேக்கணும் பாஷா."

தொங்கும் கையை இடது கையால் தாங்கிக்கொண்டு பயூமி புறப்பட்டார். மகள் வீட்டுச் சாமான் லாரி மத்தளத்தோடு கிளம்பும் நேரம். திரைக்குப் பின்னால் அவருடைய பிரஷ்களும் தங்கப் பெயிண்டும் ஏணிக்குப் பக்கத்தில் இருந்தன. அவற்றை அவர் எடுக்கவில்லை. இனி அவை அவருக்குத் தேவைப்படாது.